நீலகிரியின் கைபேசிச் செய்தியாளர்கள் யாருக்காகப் பேசுகிறார்கள்?

டிசம்பர் கடைசியில் தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் காலைகளில், உதகையின் யூடியூப் சேனல்கள் பலவும் ஒரே காட்சியைத்தான் காட்டும். காரின் மேல் படிந்த உறைபனியை விரலால் சுரண்டும் சுற்றுலாப் பயணி, கைகளைத் தேய்த்துக்கொண்டு பேசும் புதுமணத் தம்பதி, தலைப்பில் ‘மினி காஷ்மீர்’. அதே காலையில் இத்தலார், எமரால்டு பக்கத்துத் தோட்டங்களில் தேயிலைக் கொழுந்து கருகியிருக்கும். கருகிய செடி மறுபடி துளிர்க்கும் வரை அந்தக் குடும்பத்துக்கு இலை கிடையாது. இலை இல்லை என்றால் பணமும் இல்லை. இரண்டும் ஒரே பனி தந்த செய்திகள்தான். முதலாவதைச் சமவெளியில் லட்சம் பேர் பார்ப்பார்கள். இரண்டாவதைப் பார்க்கக்கூடியவர்கள் இந்த மலையில் சில ஆயிரம் பேர்தான்.

நீலகிரியின் இணைய ஊடகங்கள் எப்படி வளர்ந்தன, எங்கே திணறுகின்றன என்பதை விளக்க வருபவர்கள் பெரும்பாலும் சிக்னல், வதந்தி, போலி நிருபர் என்று தொடங்குவார்கள். அவையும் உண்மையான சிக்கல்களே. ஆனால் அவற்றுக்கு அடியில் வேறொன்று இருக்கிறது. இந்த ஊடகங்களை உருவாக்கியது மலையில் வாழ்பவர்களின் தேவை; அவற்றுக்குக் காசு கொடுப்பதோ மலையைப் பார்க்க வருபவர்களின் ஆசை. இந்த இழுபறியை விட்டுவிட்டுப் பார்த்தால் மற்றச் சிக்கல்கள் எதுவும் சரியாகப் புரியாது என்பது என் கருத்து.

இந்த இழுபறி புதிதும் அல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே உதகையிலிருந்து ‘சவுத் ஆஃப் இந்தியா அப்சர்வர்’ என்ற ஆங்கில ஏடு வந்துகொண்டிருந்தது. கோடை வெயிலுக்கு ஒதுங்கி மலையேறிய வெள்ளையர்களும் தோட்ட முதலாளிகளும்தான் அதன் வாசகர்கள். தமிழ் நாளிதழ்கள் பரவிய பிறகு மலைக்கான பதிப்பு கோவையில் அச்சானது. மேட்டுப்பாளையம் தாண்டி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி விடிவதற்குள் உதகை வந்து சேர வேண்டும் என்பதால், மலைப் பக்கத்தைச் சீக்கிரமே முடித்தாக வேண்டியிருந்தது. கூடலூரிலும் பந்தலூரிலும் மாலையில் நடந்தது மறுநாள் காலைப் பத்திரிகையில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. எழுதியவர்களில் பலர் பகுதிநேர நிருபர்கள். கடையோ முகவர் தொழிலோ நடத்திக்கொண்டே செய்தி அனுப்பியவர்கள். அவர்களுடைய உழைப்பால்தான் மலைச் செய்தி ஓரளவாவது பதிவானது. இருந்தாலும் மாவட்டப் பக்கத்தில் மலர்க் கண்காட்சிக்குக் கிடைத்த இடம் ஊராட்சிக் குடிநீர்க் குழாய்க்குக் கிடைக்கவில்லை.

அகில இந்திய வானொலியின் உதகை நிலையமும், பழனி மலைத்தொடரின் உச்சியிலிருந்து பல மாவட்டங்களைத் தொடும் கோடைப் பண்பலையும் வேறு வகை. கோடைக்கானலிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் கிளம்பும் அலைக்கு உயரமே வரம். ஆனால் அதைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் கீழே சமவெளியில் இருக்கிறார்கள். அது மலை மேல் இருக்கும் வானொலி. மலைக்கான வானொலி என்று அதைச் சொல்ல முடியாது. உள்ளூர்க் கேபிள் சேனல்கள்தான் முதன்முதலில் ஊர்த் திருவிழாவையும் சாலை மறியலையும் படமாகக் காட்டின. அந்தச் சேனல்களில் கேமரா பிடித்துப் பழகியவர்களில் சிலர் பிறகு இணையத்துக்கு வந்தார்கள்.

திருப்பம் 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் சரிந்தபோது ஏற்பட்டது. 2018 பிப்ரவரியில் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பர முறை தமிழை ஏற்றது. தமிழில் எழுதும் இணையதளமும் விளம்பரத்தால் சம்பாதிக்கலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. வாட்ஸ்அப் குழுவில் சேரக்கூடியவர்களின் எண்ணிக்கை 2022இல் 256இலிருந்து 512 ஆகி, அதே ஆண்டு இறுதியில் 1,024 ஆனது. 2011 கணக்கெடுப்பின்படி 7,35,394 பேர் வாழும் ஒரு மாவட்டத்தில், வெறும் 35 ஊராட்சிகள் கொண்ட நிலப்பரப்பில், 1,024 பேர் கொண்ட ஒரு குழு என்பது சிறிய எண்ணிக்கை இல்லை. ஒரு பெரிய ஹட்டி, அதாவது படகர் ஊர், முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

இந்தக் குழுக்களிலும் சிறு சேனல்களிலும் வருவதை உட்கார்ந்து படித்தால் மலை மக்களுக்கு என்ன தேவை என்பது தெரியும். கல்லட்டிப் பாதையில் லாரி கவிழ்ந்திருக்கிறதா, குன்னூர்ச் சாலையில் மரம் விழுந்திருக்கிறதா, கடைசிப் பஸ் போய்விட்டதா. பந்தலூரில் எந்த எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் கொம்பன் யானை நிற்கிறது. இந்த வாரம் இலைக்கு என்ன விலை, மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் மூட்டை எவ்வளவு போனது. எந்த ஹட்டியில் யார் இறந்தார், அடக்கம் எத்தனை மணிக்கு. படகர் சமூகத்தில் சாவுச் செய்தியை மற்ற ஊர்களுக்குச் சொல்லி அனுப்புவது கட்டாயக் கடமை. ஆள் நடந்துபோய்ச் சொன்ன காலம் போய், இன்று பாதி வேலையைக் கைபேசி செய்துவிடுகிறது. மாநிலச் செய்தி அலைவரிசை எதுவும் இவற்றைச் சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாநிலத்தில் பலருக்கு அவலாஞ்சி என்ற பெயரே அன்றுதான் தெரியவந்தது. அந்த நாட்களில் எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்த ஊருக்கு உணவு போகவில்லை என்ற தகவல் ஊர்க்காரர்களின் கைபேசிகள் வழியாகத்தான் முதலில் நகர்ந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் 2009 நவம்பரில் நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தபோது இப்படி ஒரு வழி இருக்கவில்லை.

2021ஆம் ஆண்டை நீலகிரியின் இணைய ஊடகங்களுக்கு ஒரு சோதனை ஆண்டு என்றே சொல்ல வேண்டும். ஜனவரியில் மசினகுடி அருகே மாவனல்லாவில் ஒரு விடுதிப் பக்கம் வந்த யானையின் மீது எரியும் டயரை வீசிய காணொளி வெளியானது. காதும் முதுகும் காயம்பட்ட அந்த யானை அதற்குச் சில நாட்களுக்கு முன்பே இறந்துவிட்டிருந்தது. காதில் தீக்காயம் எப்படி வந்தது என்பதற்கு அந்தக் கைபேசிக் காணொளிதான் சாட்சி. இரண்டு பேர் கைதானார்கள், விடுதி மூடப்பட்டது. அந்தக் காணொளி இல்லாதிருந்தால் இன்னொரு யானையின் மரணம் என்ற ஒரு வரியோடு விஷயம் முடிந்திருக்கும்.

அக்டோபரில் டி23 என்ற புலி. கூடலூர், மசினகுடி வட்டாரத்தில் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட அந்தப் புலியை வனத்துறையினர் மூன்று வாரம் தேடி, அக்டோபர் 15 அன்று உயிரோடு பிடித்தார்கள். சுட்டுக் கொல்வதா, மயக்க ஊசி போட்டுப் பிடிப்பதா என்று வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. சென்னையிலும் பெங்களூரிலும் இருந்தவர்கள் இணையத்தில் புலிக்காக உருகினார்கள்; ஆடு மாடு மேய்த்து வாழ்பவர்கள் தங்கள் பயத்தைச் சொன்னபோது அது கொடூரமான மனநிலையாகச் சித்திரிக்கப்பட்டது. அந்த நாட்களில் உள்ளூர்ச் சேனல்கள் செய்த நல்ல காரியம், பலியானவர்களின் வீட்டு வாசலில் நின்று அவர்களைப் பேசவிட்டதுதான். கெட்ட காரியமும் செய்தார்கள். தேடுதல் நடக்கும் இடத்துக்கே கேமராவோடு போய் நேரலை போட முயன்றார்கள். காட்டு விலங்கைத் தேடும் இடத்தில் கூட்டமும் சத்தமும் எத்தனை ஆபத்து என்பதைச் சொல்லிக் கொடுக்க அவர்களுக்கு ஓர் ஆசிரியர் குழு இருக்கவில்லை.

டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத்தும் அவர் மனைவியும் உட்பட 14 பேர் சென்ற ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. சூலூரிலிருந்து வெலிங்டன் போகும் வழியில் மேகமூட்டத்துக்குள் அது நுழைவதைக் காட்டும் சில நொடிக் காணொளி, சுற்றுலா வந்தவர்களின் கைபேசியில் பதிவாகி உலகம் முழுவதும் போனது. அந்தக் கைபேசியே பிறகு தடய அறிவியல் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. தண்ணீரும் கம்பளியும் எடுத்துக்கொண்டு முதலில் ஓடியவர்கள் அந்தக் குடியிருப்பு மக்கள். தேசிய அலைவரிசைகள் அவர்களிடம் கேட்டது ஒன்றே: என்ன பார்த்தீர்கள்? அந்தக் குடியிருப்புக்குச் சாலை எப்படி இருக்கிறது, மருத்துவ வசதி உண்டா என்று கேட்டவை உள்ளூர் ஊடகங்கள்தான். என் மதிப்பில் அன்று அவை தங்கள் இருப்பை நியாயப்படுத்திக்கொண்டன.

இத்தனை செய்பவர்கள் எதை வைத்து வாழ்கிறார்கள்? யூடியூபில் விளம்பர வருவாயில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். உள்ளூர்ச் செய்தித் துணுக்கை ஒருவர் சராசரியாக 2 நிமிடம் பார்ப்பதாகக் கொண்டால், ஆண்டுக்கு 1,20,000 பார்வைகள். மாவட்டத்தின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் எட்டக்கூடிய உயரம்தான். ஆனால் அது வாசற்படி மட்டுமே. உள்ளே போனபின் வரும் விளம்பரத் தொகையில் 55 சதவீதம் சேனலுக்கு, 45 சதவீதம் நிறுவனத்துக்கு. தமிழ்க் காணொளிக்கு வரும் விளம்பர விலை ஆங்கிலத்தைவிடக் குறைவு. ஆக, பெட்ரோலுக்கும் கைபேசித் தவணைக்கும் காசு வர வேண்டுமென்றால் பார்வைகள் லட்சக்கணக்கில் போக வேண்டும். இலை விலைச் செய்தி அங்கே போகவே போகாது. யானை விரட்டல் போகும், உறைபனி போகும், மலைக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கான ‘இ-பாஸ் எடுப்பது எப்படி’ போகும்.

2023 செப்டம்பரில் கோத்தகிரி அருகே நட்டக்கல்லில் சிறு தேயிலை விவசாயிகள் கிலோவுக்கு 33.50 ரூபாய் கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். அப்போது இலை 20 ரூபாய்க்கும் கீழே போய்க்கொண்டிருந்தது. இந்த மலையின் பொருளாதாரம் முழுவதும் அந்த எண்ணில் தொங்குகிறது. உள்ளூர்ச் சேனல்கள் பந்தலுக்குப் போய்ப் பேட்டி எடுத்தன. ஆனால் இலை விலை ஏன் விழுகிறது, ஏலத்தில் தூளின் சராசரி விலையிலிருந்து தொழிற்சாலை தரும் விலை எப்படிக் கணக்கிடப்படுகிறது, தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் விலையை மீறும் தொழிற்சாலை மீது என்ன நடவடிக்கை என்று தொடர்ந்து எழுத ஆள் வேண்டும், நேரம் வேண்டும். ஒரே ஆள் கேமராவும் பிடித்து, படமும் வெட்டி, விளம்பரமும் தேடும் இடத்தில் அது நடப்பதில்லை.

யூடியூபிலிருந்து வராத பணம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். விடுதிகள், ஹோம்ஸ்டேக்கள், மனை விற்பவர்கள், கட்சிக்காரர்களின் பிறந்தநாள் வாழ்த்துகள். இங்கேதான் கத்தி கழுத்துக்கு வருகிறது. மசினகுடி வட்டாரத்துச் சீகூர் யானை வழித்தடத்தில் விடுதிகள் இருக்கலாமா என்ற வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அங்கே 27 விடுதிகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. 2020 அக்டோபரில் வழித்தட அறிவிப்பு செல்லும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் இரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல, விடுதி விளம்பரத்தில் ஓடும் ஒரு சேனலால் முடியுமா? கட்டட விதிமீறல், சரிவில் பொக்லைன் வைத்து மண் வெட்டுவது, ஓடையை மறிப்பது என்று இந்த மலையின் முக்கியமான செய்திகள் எல்லாமே யாரோ ஒரு விளம்பரதாரரின் வாசலில் போய் நிற்பவை. பெரிய நாளிதழுக்கு ஒரு விளம்பரம் போனால் தாங்கும். இவர்களுக்கு மொத்தமே மூன்று பேர்தான் விளம்பரம் தருகிறார்கள்.

வெளியிலிருந்து வரும் கவனம் எப்போதும் கெடுதல் என்று சொல்லவில்லை. பழனி மலைத்தொடரின் கதை அதற்கு எதிர்ச்சாட்சி. கோடைக்கானலில் இந்துஸ்தான் யுனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் பாதரசக் கழிவு விவகாரத்தில் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2015 ஜூலையில் யூடியூபில் ஓர் ஆங்கில ராப் காணொளி வந்து பல லட்சம் பேர் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் 591 தொழிலாளர்கள் தொடர்பாக நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. காணொளி மட்டுமே காரணம் இல்லை. வழக்கும் நீண்ட போராட்டமும் இருந்தன. ஆனாலும் உலகின் கண் பட்டதால் நிறுவனத்தின் மீது அழுத்தம் கூடியது. அந்தக் குரல் கோடைக்கானலிலிருந்தே தமிழில் எழுந்திருந்தால் அத்தனை தூரம் போயிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சட்டத்தின் பார்வையில் இவர்கள் யார் என்பதும் தெளிவில்லை. 1867ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டத்துக்குப் பதிலாக வந்து 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் அச்சு ஏடுகளுக்கு மட்டுமானது. இணையச் செய்தித்தளங்களுக்கு 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் உண்டு. குறைதீர் அலுவலர் ஒருவரை வைக்க வேண்டும், புகாருக்கு 15 நாளில் பதில் சொல்ல வேண்டும் என்கின்றன அவை. ஒரே ஆள் நடத்தும் சேனலில் குறைதீர் அலுவலரும் அவரே. அந்த விதிகளின் சில பகுதிகளுக்கு நீதிமன்றத் தடை வேறு இருக்கிறது. கடமை பாதி எழுதப்பட்டிருக்கிறது, உரிமை எழுதப்படவே இல்லை. அங்கீகார அட்டை இல்லாத நிருபர் ஆட்சியர் அலுவலகக் கூட்டத்துக்குள் போக முடியுமா என்பது வாசலில் நிற்பவரின் மனதைப் பொறுத்தது. இந்தக் குழப்பத்தைப் பயன்படுத்தி வண்டியில் ‘பிரஸ்’ என்று ஒட்டிக்கொண்டு கட்டட உரிமையாளர்களை மிரட்டிக் காசு பறிப்பவர்கள் வேறு இருக்கிறார்கள். அவர்களால் கெடுவது நேர்மையாக வேலை செய்பவர்களின் பெயர்தான்.

வதந்தியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது மலைக்கு மட்டும் உரிய நோய் அல்ல. 2018 மே மாதத்தில் குழந்தை கடத்தல் வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டதைத் தமிழகம் மறக்கக் கூடாது. மலையில் இதன் வடிவம் வேறு: எங்கோ நடந்த நிலச்சரிவின் பழைய படம் குன்னூர்ச் சாலையிலுள்ள பர்லியார் என்ற பெயரில் வரும். உள்ளூர் நிருபர் அந்த இடத்துக்கே போய் நின்று ‘சாலை திறந்திருக்கிறது’ என்று சொல்லும் இரண்டு நிமிடக் காணொளியைவிட நல்ல மருந்து இதற்குக் கிடையாது.

நிலம் வைக்கும் தடை தனி. மாவட்டத்தில் பாதிக்கும் மேல் காடு. செல்போன் கோபுரம் எழுப்ப வனச் சட்ட அனுமதி வேண்டும். அந்த அனுமதியை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அதன் விளைவைச் சொல்லியாக வேண்டும். முதுமலைக் காட்டோரக் குடியிருப்புகளில் சிக்னல் கிடைக்கும் பாறை எது என்பது குழந்தைகளுக்கும் தெரியும். கூடலூர் பக்கம் 1969ஆம் ஆண்டு ஜென்மம் நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் சிக்கி உரிமை முடிவாகாத நிலங்களில் பல வீடுகளுக்கு மின்சாரமே நெடுங்காலப் போராட்டம். பெருமழையில் மின்கம்பி அறுந்தால் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு எல்லாச் சேனலும் குழுவும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிடும். 2020இல் சோதனை முறையில் தொடங்கி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நீலகிரிக்கு நிலச்சரிவு முன்னறிக்கைகளைத் தயாரித்து மாவட்ட நிர்வாகத்துக்குத் தருகிறது. நிர்வாகத்திடமிருந்து சரிவின் கீழே வீடு கட்டியிருப்பவருக்கு அது இரவு பத்து மணிக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதுதான் கேள்வி.

மொழியும் இங்கே ஒன்றல்ல. 2011 கணக்கெடுப்பில் படகர்களின் படகு மொழி பேசுவோர் சுமார் 1.33 லட்சம், தோடர்கள் ஏறத்தாழ 2,000 பேர். கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் தனித்தனி. படகு மொழிப் பாட்டுகள் கேசட்டிலிருந்து யூடியூபுக்கு அழகாக ஏறிவிட்டன. கல்யாண வீடுகளில் ஒலிப்பது பெரும்பாலும் அங்கிருந்துதான். ஆனால் படகு மொழியில் செய்தி சொல்வது அரிது, பணியர் மொழியில் அதைவிட அரிது. கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் என்ற தொண்டு அமைப்பு பழங்குடிகளுக்காக நடத்திய ‘நீலகிரி சீமை சுத்தி’ என்ற செய்தி மடலும், அதே அமைப்பு நடத்தும் ரேடியோ கோத்தகிரி 90.4 என்ற சமூக வானொலியும் இந்த இடைவெளியில் இறங்கி வேலை செய்தவை. பார்வை எண்ணிக்கையைத் துரத்தாமல் சிறிய மொழியில் பேச முடியும் என்று அவை காட்டியிருக்கின்றன.

வழி ஒன்று அங்கேதான் தெரிகிறது. சமூக வானொலிக்கு மின்சாரம் போனாலும் ஜெனரேட்டரில் ஓட முடியும். கேட்பவருக்கு இணையம் வேண்டாம், பேட்டரி வானொலி போதும். 2024இல் மத்திய அரசு அதன் விளம்பர நேரத்தை மணிக்கு 12 நிமிடமாக உயர்த்தியது. ஆனால் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப இன்னும் அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம், அவ்வளவுதான். கோத்தகிரிக்காரர் கோத்தகிரி வானொலியில் டில்லிச் செய்தி கேட்கலாம், தன் ஊராட்சிக் கூட்டத்தில் என்ன முடிவானது என்று கேட்கக் கூடாது. இந்த விதி மாற வேண்டும். அதோடு மாவட்ட நிர்வாகம் தரும் டெண்டர், ஏல அறிவிப்புகளில் ஒரு பங்கை, பார்வை எண்ணிக்கையைப் பார்க்காமல், ஊராட்சிச் செய்தியைத் தொடர்ந்து வெளியிடும் சிறு ஊடகங்களுக்கு ஒதுக்கலாம். 1965 முதல் இயங்கும், கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையமான இண்ட்கோசர்வின் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகள் உறுப்பினர்கள். ஒவ்வொருவரும் மாதம் பத்து ரூபாய் தந்தால் தேயிலை விலையை மட்டும் கவனிக்கும் ஒரு முழுநேர நிருபரைச் சம்பளம் கொடுத்து வைக்க முடியும். கூட்டுறவு நிர்வாகத்தின் தலையீடு இல்லாத தனிக் குழு அவரை நியமிக்க வேண்டும். இல்லையென்றால் விடுதி முதலாளியின் இடத்தில் கூட்டுறவுச் செயலர் உட்கார்ந்துகொள்வார்.